போத்து பிழைக்காது என்னும் கூற்று

புதுச்சேரி நகரத்திலும் அதன் விளிம்பில் ஆண்டுதோறும் பெருகிவரும் மனைப்பிரிவுகளிலும் வீட்டு முகப்பில் உயிர்வேலி வைக்க விரும்புவோருக்கு இன்று ஏறத்தாழ ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது. வேலிச்செடியை வீட்டில் ஒடித்து நட்டுப் பெருக்குவது வீண்வேலை. பத்துக் குச்சி ஊன்றினால் இரண்டு பிழைப்பதே அரிது. வேர் பிடிக்க மருந்து வேண்டும், நிழல்வலை வேண்டும், பனிபோல் நீர் தெளிக்கும் கூடம் வேண்டும். அவையெல்லாம் நர்சரிக்காரர்களிடம்தான் உண்டு. ஆகவே பையில் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் செடியை விலைக்கு வாங்கி வரிசையாக வைத்துவிடுவதே விவேகம் என்பது அந்த அறிவுரை. கட்டட ஒப்பந்தக்காரர், தோட்ட வேலைக்கு வருபவர், அண்டை வீட்டார் என எல்லோரும் இதையே சொல்வதால் இது பட்டறிவின் முடிவு போன்ற தோற்றத்தைப் பெற்றுவிட்டது. உண்மையில் இது, காலம் தவறி, தண்டு தவறி, இடம் தவறிச் செய்யப்பட்ட முயற்சிகளின் தோல்வியைத் தாவரத்தின் இயல்பாகவே எண்ணிக்கொண்டதால் வந்த முடிவு. இதை மறுக்காமல் விட்டால், இந்தக் கடற்கரை ஊரில் எவரும் கற்றுக்கொடுக்காமலேயே எல்லா வீட்டாரும் அறிந்திருந்த ஒரு வேலை, வீட்டில் செய்ய இயலாத வேலை என்றே நிலைத்துவிடும்.

உயிர்வேலி என்பது நெருக்கமாக நடப்பட்டு, அவ்வப்போது கவாத்து செய்யப்பட்டு, அதாவது கிளைகள் திட்டமிட்டு வெட்டப்பட்டு, அடியிலிருந்தே கிளைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் செடிகளாலான வேலியைக் குறிக்கும். அத்தகைய செடிகளை விதையிட்டும் பெருக்கலாம். தாய்ச்செடியிலிருந்து பிரிக்காமலேயே ஒரு கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வேர்விட்டபின் அறுத்தெடுக்கும் பதியன் முறையாலும் பெருக்கலாம். தண்டை வெட்டி நேரே மண்ணில் ஊன்றி வேர்விடச் செய்யும் போத்து முறையாலும் பெருக்கலாம். முருங்கையைப் போத்து வைத்து வளர்க்கத் தெரியாத ஊர் தமிழகத்தில் இல்லை. யாழ்ப்பாணத் தமிழில் வேலிக்காக ஊன்றப்படும் உயிருள்ள தடிக்குக் கதியால் என்று தனிப்பெயரே உண்டு. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பின்னாளில் வந்த சீமைக்கிளுவை எனும் கிளைரிசிடியா ஆகியவற்றின் கதியால்களால்தான் குடாநாட்டின் வளவுகள் எல்லை கண்டன. அந்த வேலிகளின் தழையே தோட்டங்களுக்குப் பசுந்தாள் உரமாகவும் ஆட்டுக்குத் தீனியாகவும் போயிற்று. ஒரு சமூகம் ஒரு பொருளுக்குத் தனிச்சொல் வைத்திருந்தால், அந்தப் பொருள் அதன் அன்றாடத்தில் புழங்கியது என்று பொருள். பத்தில் இரண்டு மட்டுமே பிழைக்கும் ஒன்றை நம்பி எந்த ஊரும் தன் எல்லைகளைப் போட்டுக்கொள்ளாது.

புதுச்சேரிக்கு இவ்வகையில் தனி வரலாறே உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இந்நகரின் கோட்டைக்கும் மதிலுக்கும் வெளியே, வடக்கே கடற்கரையிலிருந்து மேற்காக வளைந்து தெற்கே அரியாங்குப்பம் ஆற்றை நோக்கிச் செல்லும் ஒரு பெரும் எல்லைவேலி இருந்தது. கற்றாழையும் முட்செடிகளும் அடர்ந்து, இடையே தென்னையும் பனையும் நின்ற வேலி அது என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். சென்னைச் சாலை, வழுதாவூர்ச் சாலை, வில்லியனூர்ச் சாலை, அரியாங்குப்பம் வழி ஆகியவை அந்த வேலியைக் கடக்கும் இடங்களில் காவல் அரண்கள் இருந்தன. 1760-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயப் படை அந்த வேலியையும் அரண்களையும் கைப்பற்றிய பின்புதான் முற்றுகை நகரை நெருங்க முடிந்தது; 1761 ஜனவரியில் நகரம் வீழ்ந்தது. பீரங்கிப் படையே கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரு தடை, செடிகளால் ஆனது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. கற்றாழை தன் அடியிலிருந்து பக்கக்கன்று விட்டுப் பெருகுவது. தென்னையும் பனையும் விழுந்த காயிலிருந்து முளைப்பவை. பெருக்கும் முறை இவ்வளவு எளிதாக இருந்ததனால்தான் ஒரு நகரத்தையே சுற்றிவளைக்கும் நீளத்துக்குச் செடிகளை நட முடிந்திருக்கிறது.

இனி, வேர் ஊக்கி மருந்தில்லாமல் தண்டு வேர்விடாது என்னும் வாதத்துக்கு வரலாம். எதிர்த்தரப்பின் வாதங்களில் அறிவியல் தோற்றம் மிகுந்தது இதுவே. வேர் ஊக்கி என்று கடைகளில் பொடியாக விற்கப்படுவது பெரும்பாலும் இண்டோல் பியூட்ரிக் அமிலம், சுருக்கமாக ஐ.பி.ஏ. அது வேரைத் தூண்டும் என்பது 1935-இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் நடப்பட்ட கதியால்கள் எவையும் அந்தப் பொடியைக் கண்டதில்லை. அந்தப் பொடி செய்யும் வேலையைச் செடி தானாகவே செய்துகொள்கிறது என்பதுதான் இதற்கான விளக்கம். ஆக்சின் எனப்படும் இயற்கை வளரூக்கி தண்டின் நுனி மொட்டிலும் இளம் இலைகளிலும் உருவாகி, தண்டு வழியே கீழ்நோக்கி நகர்கிறது. தண்டை வெட்டியதும் அது மேற்கொண்டு இறங்க வழியின்றி வெட்டுவாயில் தேங்குகிறது. அங்கே பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் எனும் மெல்லிய வளர்படை இருக்கிறது. தேங்கிய ஆக்சின் அப்பகுதித் திசுக்களைத் தூண்ட, தண்டாக வளரவேண்டியவை வேராக மாறத் தொடங்குகின்றன. வேர் தோன்றும் வழக்கமான இடத்தில் தோன்றாமல் தண்டில் தோன்றுவதால் இவற்றை வேற்றிட வேர்கள் என்பர். ஆக்சின் எப்போதும் நுனியிலிருந்து அடிக்கே போகும் என்பதால், தலைகீழாக ஊன்றிய குச்சி வேர்விடாமல் காய்ந்துபோகிறது. வீட்டு முயற்சிகளில் இந்தத் தவறு மலைக்கத்தக்க அளவு சாதாரணமானது. இலையைக் களைந்துவிட்ட மருதாணிக் குச்சியில் தலை எது, அடி எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது கடினம். அடியைச் சாய்வாகவும் தலையை நேராகவும் வெட்டும் வழக்கம் இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்கே ஏற்பட்டது.

ஐ.பி.ஏ. பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. வேர்விடத் தயங்கும் செடிகளில் அது பெரிதும் உதவும். எளிதில் வேர்விடும் செடிகளில் எல்லாக் குச்சிகளும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் வேர்விடச் செய்யும். நர்சரிக்கு இந்த ஒருமை தேவை. ஏனெனில் அங்கே ஒவ்வொரு பையும் ஒவ்வொரு சதுர அடி நிழலும் ஒவ்வொரு நாள் கூலியும் செலவுக் கணக்கில் ஏறுபவை, ஒரு குச்சி செத்தால் அவை மூன்றும் வீணாகும். எதிர்த்தரப்பின் முழுத் தவறும் இங்கேதான் வேர்கொண்டிருக்கிறது. நர்சரியின் கணக்கை அப்படியே வீட்டுக்குப் பொருத்திவிடுகிறார்கள். 30-க்கு 40 அடி மனையின் முகப்பு 30 அடி. வாயிலுக்குப் பத்தடி போனால் வேலிக்கு மிஞ்சுவது 20 அடி. அடிக்கு ஒரு செடியாக இரு வரிசைகளில் மாற்றி மாற்றி வைத்தால் 40 செடிகள் போதும். கவாத்து செய்த கிளைகளிலிருந்து 80 குச்சிகள் எடுத்து ஊன்றிப் பாதி செத்தாலும் அந்த 40 கிடைத்துவிடும்; செத்த 40 குச்சிகள் எப்படியும் குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை. பாதி செத்துப்போவது நர்சரிக்கு நட்டம். வீட்டுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. பத்தில் இத்தனைதான் பிழைக்கும் என்று விழுக்காடு சொல்லி வீட்டாரை அச்சுறுத்துவோர் இந்த வேறுபாட்டை ஒருபோதும் சொல்வதில்லை.

அழகுச்செடிகள் என்றாலே நர்சரி என்னும் எண்ணமும் ஆய்வுக்குரியது. பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் மஞ்சள் மதில்கள்மேல் கவிழ்ந்து தொங்கும் காகிதப்பூ, இந்நகரின் முகமாகவே ஆகிவிட்ட செடி. பிரெஞ்சுக் கடலோடி புகன்வீலின் உலகப் பயணத்தில் உடன்சென்ற தாவரவியலாளர் ஃபிலிபேர் கொமர்சோன் 1767-இல் ரியோ டி ஜனேரோவில் அதைச் சேகரித்தார். செடிக்குத் தலைவரின் பெயரே நிலைத்தது. இன்று தோட்டங்களில் காணப்படும் அதன் வண்ண வகைகள் பெரும்பாலும் விதை கட்டுவதில்லை. அப்படியானால் இந்நகரில் பூத்துக்கொண்டிருக்கும் காகிதப்பூச் செடிகளில் மிகப் பெரும்பாலானவை, என்றோ யாரோ ஒரு தண்டை வெட்டியோ பதியன் போட்டோ எடுத்தவற்றின் வழிவந்தவை. செம்பருத்தியின் கதையும் இதுவே. அந்தச் செடியைக் காட்டில் தானாக வளர்ந்த நிலையில் எவரும் கண்டதில்லை. மனிதர் கையிலிருந்து கைக்கு ஒடித்துக் கொடுத்தே அது ஆசியா முழுவதும் பரவியது. போத்தாகவே வாழ்ந்துவரும் ஒரு செடியை, போத்தில் பிழைக்காது என்று சொல்லி விற்பது எந்த வகையில் நியாயம்?

வீட்டில் ஊன்றிய குச்சிகள் பல செத்துப்போகின்றன என்பது உண்மையே. அதன் காரணத்தை அருகிருந்து பார்க்கவேண்டும். நொச்சிக் குச்சி ஒன்று ஊன்றப்படுகிறது. எட்டு, பத்து நாளில் மேற்கணுவிலிருந்து இரண்டு சிறு இலைகள் சாம்பல் பூத்த பச்சையில் தலைநீட்டுகின்றன. வீட்டார் மகிழ்ந்து, பிழைத்துவிட்டது என்று தொட்டியை வெயிலுக்கு நகர்த்துகிறார்கள். அல்லது வேர் வந்ததா என்று குச்சியை மெல்ல இழுத்துப் பார்க்கிறார்கள். இரண்டு நாளில் இலை சுருண்டு கருகுகிறது. நடந்தது இதுதான்: அந்த இலைகள் வேரிலிருந்து வந்த நீரால் பிறந்தவை அல்ல, தண்டுக்குள் சேமிப்பாக இருந்த மாவுப்பொருளைத் தின்று பிறந்தவை. அப்போது மண்ணுக்குள் வெட்டுவாயைச் சுற்றி வெளிர்நிறத்தில், கடுகு கோத்ததுபோல ஒரு திசுத்திரள் மட்டுமே புடைத்திருக்கும். அதற்கு மேலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் அதன் அருகே பட்டையைக் கிழித்துக்கொண்டு வெள்ளை நூல்முனைபோன்ற வேர் வெளிப்படும். இலைக்கும் வேருக்கும் நடுவேயுள்ள இந்த இடைவெளிதான் வீட்டுப் போத்துகளின் கண்டம். அதைத் தாண்டுவதற்கு வேண்டியது நிழலும் பொறுமையும். தொட்டியை அசைக்காமலும் குச்சியைத் தொடாமலும் இருந்தாலே போதும். முதல் இலைக்கூட்டம் வந்து நின்று, சில நாள் தேங்கி, அடுத்து இரண்டாம் இலைக்கூட்டம் துளிர்க்கும்போதுதான் கீழே வேர் ஓடியிருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

நர்சரியின் தெளிப்புக்கூடம் செய்யும் வேலையும் இதே கண்டத்தைக் கடப்பதற்கானதுதான். வேரில்லாத தண்டின் இலைகள் நீரை ஆவியாக இழந்துகொண்டே இருக்கும், இழந்ததை ஈடுசெய்ய வழி இராது. காற்றில் ஈரத்தை நிறைத்து வைத்தால் இழப்பு குறையும். வீட்டில் இதற்கு அடிவெட்டிய தண்ணீர் பாட்டிலைக் குச்சியின்மேல் கவிழ்த்தாலே போதும். நிழலில் வைத்திருந்து, நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்றாடவிட்டால் பூஞ்சை பிடிக்காது. மேல் இலைகளைப் பாதியாக நறுக்கிவிடுவதும் இந்நோக்கத்துக்கே. மண் கலவையில்தான் பலர் அன்பு மிகுதியால் பிழை செய்கிறார்கள்: தொழுவுரத்தையும் சமையலறைக் கழிவையும் அள்ளிப் போடுகிறார்கள். வேரற்ற வெட்டுவாய்க்கு உணவு தேவையில்லை, காற்றும் ஈரமும் தேவை. மட்காத உரம் அதை அழுகவைக்கும். ஆற்றுமணலும் செம்மண்ணும், அல்லது ஆற்றுமணலும் கழுவிய தென்னைநார்க் கழிவும் சமபங்காகக் கலந்தால் நீர் நில்லாமல் வடியும். கடற்கரை மணல் அருகில் கிடைக்கிறதே என்று அள்ளிவருவது மட்டும் கூடாது. அதிலுள்ள உப்பு இளவேரைக் கருக்கிவிடும்.

அடுத்தது தண்டின் வயது. நுனிக்குருத்து மென்மையானது, வேர்விடும் முன்னே வாடிவிடும். அடிக்கட்டை முதிர்ந்தது, வேர்விட மறுக்கும். பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய, பென்சில் பருமனுள்ள தண்டே நொச்சி, ஆடாதொடை, மருதாணி, செம்பருத்தி, சங்கங்குப்பி ஆகியவற்றுக்கு ஏற்றது. ஒரு சாண் நீளம், நான்கு கணு. இரண்டு மண்ணுக்குள், இரண்டு வெளியே. கூரான கத்தியால் கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரே வீச்சில் வெட்டவேண்டும். மழுங்கிய கத்தரியால் நசுக்கினால் வெட்டுவாயின் உயிர்த்திசு செத்து, அதன்வழி அழுகல் ஏறும். பூவரசு, ஒதியம், கல்யாண முருங்கை, கிளைரிசிடியா ஆகியவற்றில் கணக்கு வேறு: அவற்றில் கைப்பருமனுள்ள, நாலைந்து அடி நீளத் தடியையே நேரே வேலியின் இடத்தில் நடலாம். அத்தகைய தடியில் பட்டை உரியாமல் இருப்பதுதான் உயிர்நிலை. தடியைச் சுத்தியலால் அடித்து மண்ணில் இறக்குவோர் அடிப்பட்டையைக் கிழித்துவிட்டு, பிறகு செடியைக் குறைகூறுகிறார்கள். கடப்பாரையால் குழி போட்டு, தடியை இறக்கி, சுற்றிலும் மண்ணிட்டு மிதிப்பதே முறை. ஒதியத்தின் தாவரவியற் பெயரிலேயே இந்தச் சோழமண்டலக் கரையின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தன் பெயரால் அழைக்கப்படும் மரத்தைப் போத்து வைக்கத் தெரியாமல் இந்தக் கரை மறந்துபோவது வருத்தத்துக்குரியது.

காலத்தைப் பொறுத்தவரை ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் முதுமொழியை அப்படியே வேலிக்குப் பொருத்துவதும் ஒரு பிழை. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. ஆடியிலும் ஆவணியிலும் மாலை இடிமழை வந்து போகுமே தவிர, மண் ஆழமாக நனையாது. ஆகவே ஆடியில் குச்சியை நிழலில் தொட்டியிலோ பையிலோ ஊன்றி, வேர்விட்டதை ஐப்பசியின் முதல் நல்ல மழையில் வேலி இடத்துக்கு மாற்றுவதே இம்மண்ணின் ஒழுங்கு. நொச்சியும் ஆடாதொடையும் ஏறத்தாழ ஒரு மாதத்தில், செம்பருத்தி ஐந்தாறு வாரத்தில், காகிதப்பூ இரண்டு மாதம்வரை எடுத்துக்கொண்டு வேர்விடும். ஆடி தொடங்கி ஐப்பசிவரை உள்ள காலம் இவை அனைத்துக்கும் போதுமானது. சித்திரைக் கத்திரி வெயிலில் ஊன்றிவிட்டுக் காய்ந்ததென்றும், கார்த்திகையில் நீர் தேங்கிய குழியில் ஊன்றிவிட்டு அழுகியதென்றும் சொல்லும் சான்றுகள் போத்துக்கு எதிரான சான்றுகள் ஆகா. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது இந்நகரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அவ்வாறான மழைக்கு ஈடுகொடுக்க, வேலி வரிசையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரக் கரைமேல் நடவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வாங்கும் செடி நேரத்தை மிச்சப்படுத்தும் என்னும் வாதம் முதற்பார்வையில் வலுவானது. ஆனால் வேலியின் இலக்கணத்தை எண்ணிப் பார்த்தால் அது நிற்பதில்லை. பையில் இடுப்பளவு உயர்ந்து நிற்கும் செடி ஒளிக்காக நெருக்கியடித்து நீண்டது. அதன் அடியில் கிளை இராது. அதை அப்படியே நட்டால் மேலே தழையும் கீழே ஆடும் கோழியும் புகும் வெளியுமாக ஒரு வேலி அமையும். அடியிலிருந்து அடர்த்தி வேண்டுமென்றால் நட்டவுடன் அதை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அதாவது விலைகொடுத்து வாங்கிய உயரத்தை வெட்டி எறிய வேண்டும். வெட்டியபின் அது வீட்டில் வேர்விட்ட போத்தின் உயரத்துக்கே வந்துவிடுகிறது, வேரில் ஒரு குறையுடன்: பையில் நெடுநாள் கிடந்த செடியின் வேர் சுவரைச் சுற்றிச் சுற்றிச் சுருண்டிருக்கும், அதைப் பிரித்தோ வெட்டியோ விடாவிட்டால் மண்ணுக்குள் சென்ற பின்னும் அந்தச் சுருளிலேயே தடித்து, காற்றடிக்கும்போது செடியை நிலைகுலையச் செய்யும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரைகடந்த இக்கடற்கரையில் இது சிறு குறை அன்று.

இன்னொரு தீங்கு, எல்லா வீட்டுக்கும் ஒரே செடி வந்துசேர்வது. விரைவில் வளரும், ஒன்றுபோலிருக்கும், எளிதில் விற்கும் என்பவையே விற்பனைச் செடிக்கு அளவுகோல்கள் ஆகும்போது, கோனோகார்பஸ் போன்றவை தெருத்தெருவாகப் பரவுகின்றன. மகரந்த ஒவ்வாமையையும் வடிகால், குழாய்களுக்கு அதன் வேரால் வரும் சேதத்தையும் காரணம் காட்டி 2023-இல் குஜராத் அரசு அதை நடுவதைத் தடைசெய்தது. 2025-இல் தமிழ்நாட்டு அரசும் தடைவிதித்தது. நட்டவர்கள் இப்போது பிடுங்கவேண்டிய நிலையில் இருக்கிறார்கள். ஒரே செடி வரிசையில் பூச்சி புகுந்தால் என்னவாகும் என்பதற்கு 2008-இல் கோவையில் கண்டறியப்பட்டுத் தமிழகமெங்கும் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி சான்று. அது பப்பாளியோடு நில்லாமல் செம்பருத்தி வேலிகளையும் வெள்ளைப் பஞ்சாய் மூடியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டபிறகே அடங்கியது. போத்தும் ஒரே தாயின் நகல்தான் என்பதால் இந்த ஆபத்து அதற்கும் உண்டு என்று எதிர்வாதம் எழலாம், எழவேண்டும். அதற்கு விடை, நாலைந்து வீட்டுத் தாய்ச்செடிகளிலிருந்து நாலைந்து வகைக் குச்சிகளை எடுத்துக் கலந்து நடுவது. போத்துக்கு இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகக் கேட்டு வாங்கும் பழைய வழக்கம், அறிந்தோ அறியாமலோ அந்தக் கலப்பைச் செய்துகொண்டிருந்தது.

ஓர் இடத்தில் போத்தின் எல்லையை ஒப்புக்கொண்டாக வேண்டும். இக்கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடுகளின் புதர்கள், அதாவது ஆண்டு முழுதும் இலையுதிராமல் குறைந்த மழையிலும் தாக்குப்பிடிக்கும் காடுகளின் புதர்கள், வேலிக்கு மிகச் சிறந்தவை. அந்தக் காட்டின் எச்சங்கள் நகருக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காடு போன்ற இடங்களில் மட்டும் எஞ்சியுள்ளன. அவற்றுள் களா, காட்டு எலுமிச்சை, காயா போன்றவை போத்துக்கு எளிதில் இணங்குவதில்லை. இவற்றுக்கு விதைதான் வழி. களாவின் விதை பழத்திலிருந்து எடுத்த சில நாளுக்குள் விதைக்கப்படாவிட்டால் முளைதிறன் இழந்துவிடும். இதுவும் வீட்டு வேலையே, நர்சரியின் வேலை அன்று: பழுத்த பழத்தைத் தின்று கொட்டையை அன்றே மண்ணிலிட வீட்டாரைவிட ஏற்றவர் யார்? உள்நாட்டு உப்புச் சுங்க எல்லையில் ஆங்கிலேய அரசு வளர்த்த நெடுவேலியை 1867 முதல் 1870 வரை மேற்பார்த்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பின்னாளில் காங்கிரஸைத் தோற்றுவித்தவர். அவர் அந்தந்த மண்ணுக்கும் மழைக்கும் எந்த உள்ளூர் முட்செடி பொருந்தும் என்று சோதித்துச் சோதித்தே நடவைத்தார். களாவும் இலந்தையும் கருவேலும் கள்ளியும் அதில் இடம்பெற்றன. மக்களின் உப்பைத் தடுக்க எழுந்த அந்த வேலி 1879-இல் கைவிடப்பட்டது நன்றே. ஆயினும் எல்லா மண்ணுக்கும் ஒரே செடி என்பதை ஒரு பேரரசே கைவிட நேர்ந்தது என்னும் செய்தி நினைவில் நிற்கத்தக்கது.

எளிதில் பெருகுவதெல்லாம் பெருக்கத்தக்கது என்றும் கொள்ளலாகாது. சப்பாத்திக்கள்ளியைச் சாயப்பூச்சி வளர்ப்பதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் தோட்டமிட்டு வளர்த்தார்கள். ஒடிந்து விழுந்த ஒவ்வொரு மடலும் வேர்விட்டு, தென்னகத்தின் தரிசெல்லாம் அதன் வசமாயிற்று. உண்ணிச்செடியும் அழகுக்காக வந்து காடுகளை விழுங்கிய ஒன்று. இவ்விரண்டையும் வேலிக்கு ஒடித்துக் கொடுப்பது தவறு. கொம்புக்கள்ளி நல்ல வேலிதான், வெட்டிய துண்டைச் சில நாள் நிழலில் காயவைத்து ஊன்றினால் தவறாமல் பிடிக்கும். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது ஆகாது. அரளியும் அத்தகையதே: அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு.

மதிலே பாதுகாப்பு, வேலியில் பாம்பு சேரும் என்னும் பேச்சுக்கு நீண்ட விடை தேவையில்லை. பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி குப்பைக்கும் குவித்துவைத்த செங்கல்லுக்கும் வருகிறது. அடியில் சருகு கூட்டப்பட்ட, கவாத்து செய்யப்பட்ட வேலி அதற்கு இடம் தருவதில்லை.

எஞ்சும் ஒரே உண்மையான குறை, வீட்டுப் போத்து வேலி முதலாண்டில் ஒழுங்கின்றித் தோன்றும் என்பது. ஒன்று முழங்காலளவு வளர்ந்திருக்கும், அடுத்தது சாணளவே நிற்கும், நடுநடுவே இரண்டொன்று பட்டுப்போயிருக்கும். வாங்கிய வேலியில் இடைவெளி விழுந்தால் அதே வகைச் செடியைத் தேடி மீண்டும் கடைக்குப் போகவேண்டும், அப்போது அது கிடைக்காமலும் போகலாம். வீட்டு வேலியில் அதற்கான செடி வேலிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் ஆண்டு ஆடியில் முதன்முறையாகத் தலையைச் சமமாக வெட்டும்போது விழுகின்ற தண்டுகளில் பென்சில் பருமனுள்ளவற்றைப் பொறுக்கி, அன்றே நான்கு கணுவாக நறுக்கி, அடி தலை மாறாமல் கொல்லையின் நிழலில் ஊன்றிவைத்தால், ஐப்பசியின் முதல் மழைக்குள் இடைவெளிகளுக்கு வேண்டிய செடிகள் ஆயத்தமாகிவிடும். மிஞ்சியவை எதிர்மனைக்காரர் வேலிக்குப் போகும்.